யாசீன் பாயின் ஏர் பைப்பும் நான் போட்ட மூடியும்

செய்தி வந்தபோது, யாசீன் பாய் பாதி குடித்துவிட்டு வைத்த டீ கிளாஸ் இன்னும் என் மேஜை மேல்தான் இருந்தது. மார்கழி மாதச் சனிக்கிழமை, காலை பத்தரை மணி இருக்கும். ராஜகீழ்ப்பாக்கத்தில் நான் பொறுப்பாளராக இருக்கும் முதியோர் இல்லத்தின் காவலாளி முருகேசன் கையில் போனோடு ஓடி வந்தார். "டீச்சர், பள்ளிக்கரணை லேடீஸ் ஹாஸ்டல்ல பாய்லர் வெடிச்சிருச்சாம். நம்ம பாய் போட்ட பாய்லராம். பாயும் போயிட்டாராம்" என்றார்.

மூன்றும் உண்மைதான். ஆனால் நடுவில் சொன்ன வாக்கியத்துக்கு மட்டும் அன்றைக்கே கால் முளைத்துவிட்டது. மாலை அனகாபுத்தூரில் அவர் தெருவுக்குள் நான் நுழைந்தபோது அது எனக்கு முன்னால் அங்கே வந்து நின்றது. பாய் போட்ட பாய்லர் வெடித்தது, போட்டவரையே கொன்றது என்று தெருமுனையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் முதல், அவர் பாய்லர் வைத்துக் கொடுத்த இடங்களிலிருந்து அவர் மனைவி ஜுபைதாவுக்குப் போன் வரத் தொடங்கியது. துக்கம் விசாரிக்க அல்ல. "எங்க வீட்டுலயும் அதே ஆள்தான் போட்டார், யாரையாவது அனுப்பிக் கழட்டிடச் சொல்லுங்க" என்று.

அந்த வீடுகளுக்கும் விடுதிகளுக்கும்தான் இதை எழுதி அனுப்புகிறேன். இரங்கல் எழுதிப் பழக்கமில்லை. முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள், விடைத்தாள் திருத்தத்தான் தெரியும். இது என்னுடைய விடைத்தாள். தப்பு எங்கே என்று நானே சுழித்துக் காட்டுகிறேன். அந்தத் தப்பு யாசீன் பாயுடையது அல்ல.

அவரை முதலில் அழைத்தது நான்தான். எங்கள் இல்லத்தில் அப்போது கொல்லையில் கல் அடுப்பு வைத்து, அண்டாவில் வெந்நீர் காய்ச்சி, வாளி வாளியாகத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவார்கள். முப்பத்திரண்டு முதியவர்கள். ஒரு நாள் வாளி சரிந்து, அதைத் தூக்கி வந்த பெண்ணின் பாதம் வெந்துபோனது. அதற்கு மேல் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒல்லியாக, தோளில் ஒரு துண்டோடு பாய் வந்தார். வந்தவர் அளவு நாடாவை எடுக்கவே இல்லை. "யார் யாரு எத்தினி மணிக்கு குளிப்பாங்க?" என்று கேட்டார். நான் பொதுவாகச் சொன்னேன். "அது போதாது டீச்சர்" என்று ஒவ்வொரு அறையாகப் போய் ஒவ்வொருவரிடமும் விசாரித்தார். எல்லோரும் குளித்து முடித்து எல்லாக் குழாயும் மூடியிருக்கும் நேரம் எது என்று தெரிந்துகொள்ளத்தான் அப்படிக் கேட்டார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அவருக்குப் பயமெல்லாம் அந்த நேரத்தைப் பற்றித்தான்.

பாய்லரைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கொல்லையில், தகரக் கூரைக்குக் கீழே ஓர் இரும்பு உருளை. நடுவில் விறகு எரியும், சுற்றிலும் தண்ணீர் நிற்கும். மாடித் தொட்டியிலிருந்து பச்சைத் தண்ணீர் ஒரு பைப் வழியாக அதன் அடியில் இறங்கும். சூடான தண்ணீர் தலையிலிருந்து கிளம்பி, சாக்கு சுற்றிய இன்னொரு பைப் வழியாகக் குளியலறைகளுக்குப் போகும். மூன்றாவதாக ஒன்று உண்டு. பாய்லரின் தலையிலிருந்து சுவரோரமாக ஏறி, மாடித் தொட்டிக்கும் மேலே போய், கைத்தடிபோல் வளைந்து, வாயைத் திறந்தபடி நிற்கும். அதுதான் ஏர் பைப். அதனால் யாரும் குளிப்பதில்லை, எதுவும் சூடாவதில்லை. சும்மா நிற்கும். நெருப்பு அதிகமானால் அதன் வாயிலிருந்து கொஞ்சம் ஆவியும் கொஞ்சம் வெந்நீரும் தெறிக்கும்.

முதல் நாள் நெருப்பு மூட்டும் முன் பாய் ஒரு காரியம் செய்வார். உங்கள் வீட்டிலும் செய்திருப்பார். வீட்டில் இருக்கும் எல்லோரையும் மொட்டை மாடிக்கு ஏற்றி, அந்த ஏர் பைப்பை ஒவ்வொருவராகத் தொடச் சொல்வார். ஏதோ பூஜை போடுகிற மாதிரி என்று நான் கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை. "இது கொட்டுற வரைக்கும் பயமில்ல டீச்சர். கொட்டறது நின்னுச்சுன்னா எனக்கு போன் பண்ணுங்க" என்றார். பழுதானால் கூப்பிடச் சொல்லும் மெக்கானிக்கைப் பார்த்திருக்கிறேன், பழுது நின்றால் கூப்பிடச் சொன்னவர் இவர் ஒருவர்தான். "தண்ணி சாது. போக வழி இருந்தா அது யாரையும் ஒண்ணும் பண்ணாது" என்பதும் அவர் சொன்னதுதான். "சாது மிரண்டால் காடு கொள்ளாது, அதானே பாய்?" என்றேன். "காடு இன்னா டீச்சர், வூடே கொள்ளாது" என்றார்.

நான்கு வருடம் அந்த ஏர் பைப் கொட்டியது. கொட்டியதெல்லாம் துரு கலந்த தண்ணீர். அதற்குக் கீழேதான் எங்கள் துணிக்கொடி. காற்றடித்தால் தெறிப்பது வேட்டிகள் மேல் விழும். சாமுவேல் சார் என்று ஒருவர், வெள்ளை வேட்டியைத் தவிர வேறு கட்டாதவர். ஒவ்வொரு ஞாயிறும் சர்ச்சுக்குக் கிளம்பும் முன் பழுப்புப் புள்ளிகளைக் காட்டி, "பாருங்க டீச்சர், பெரியம்மை போட்ட மாதிரி" என்பார். பாயிடம் சொன்னேன். "கொடிய நகத்திக் கட்டுங்க" என்றார். கொடியை நகர்த்தினால் வெயில் கிடைக்காது என்று எனக்கு ஒரு வாதம் இருந்தது. எனக்கு எப்போதுமே ஒரு வாதம் இருக்கும்.

ஐப்பசி மழை சற்று ஓய்ந்த கையோடு, ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் இருக்கும் கடையில் அந்த பைப்பின் வாய்க்குப் பொருந்தும் இரும்பு மூடி ஒன்று வாங்கினேன். உள்ளங்கை அளவுகூட இல்லை. முருகேசன் மாடி ஏறி அதைத் திருகி இறுக்கினார். கொட்டுவது நின்றது. அடுத்த ஞாயிறு சாமுவேல் சார் வேட்டியை விரித்துக் காட்டி எனக்கு சல்யூட் வைத்தார். பாய் சொன்னதை நான் மறக்கவில்லை. நின்றால் போன் பண்ணச் சொன்னது தானாக நின்றால்தானே, நிறுத்தினால் இல்லையே என்று நினைத்துக்கொண்டேன். கணக்கு டீச்சரின் மூளை அப்படித்தான் வேலை செய்யும்.

அன்றைக்கே சர்ச் வாசலில் மெர்சியைப் பார்த்தேன். பள்ளிக்கரணையில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதியின் வார்டன். அங்கேயும் பாய் போட்ட பாய்லர்தான், நான் சொல்லித்தான் போட்டார்கள். "எங்க டெரஸ்லயும் இதே டார்ச்சர் டீச்சர். பொண்ணுங்க யூனிஃபார்ம் எல்லாம் ஸ்பாயில் ஆகுதுன்னு டெய்லி கம்ப்ளைன்ட்" என்றாள். நான் பெருமையாக என் வைத்தியத்தைச் சொன்னேன். எந்தக் கடை, எந்த அளவு என்பதுவரை சொன்னேன். மறுநாளே மூடி போட்டுவிட்டதாக போனில் நன்றி சொன்னாள்.

பத்து நாள் கழித்துப் பாய் வந்தார். அவரை யாரும் கூப்பிட வேண்டியதில்லை, அந்தப் பக்கம் போனால் எட்டிப் பார்ப்பார். டீ குடிக்கும் முன் கை கழுவக் குழாயைத் திறந்தவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அது பச்சைத் தண்ணீர்க் குழாய். "இன்னா டீச்சர், கை கழுவுற தண்ணியையும் காய வச்சுத் தரீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் அந்தச் சிரிப்பு முகத்தில் இல்லை. துண்டில் கையைத் துடைக்காமலே மாடிக்கு ஓடினார். நான் மூச்சிரைக்கப் பின்னால் போனபோது, அவர் மூடியையே பார்த்தபடி அசையாமல் நின்றுகொண்டிருந்தார். பிறகு கீழே இறங்கி, அடுப்பிலிருந்த விறகையெல்லாம் இழுத்துப் போட்டு அணைத்தார். வெகு நேரம் காத்திருந்து, சூடு ஆறிய பிறகுதான் மூடியைக் கழற்றினார்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசி, அதோடு முடிந்திருக்கும். அவர் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். "மேல போற வழிய அடைச்சீங்க. அதனால சூடு, தொட்டில இருந்து தண்ணி வர்ற பைப்புலயே திரும்ப ஏறிப் போயிருக்குது. அதான் தொட்டித் தண்ணி சுடுது. உங்க நல்ல நேரம், அந்த வழியாவது திறந்து கீது. சில பேரு அதுல ஒரு வழி வால்வு வச்சிருப்பான். தண்ணி இறங்கும், திரும்ப ஏறாது. மேலயும் மூடி, கீழயும் வால்வுன்னா, அது பாய்லர் இல்ல டீச்சர்." அது என்ன என்று அவர் சொல்லவில்லை. மூடியை என் உள்ளங்கையில் வைத்து, "மூடணும்னு தோணிச்சுன்னா அடுப்ப மூடுங்க" என்றார்.

படியில் இறங்கும்போது திரும்பிக் கேட்டார். "வேற யாருக்காவது இந்த யோசனைய சொன்னீங்களா?"

"இல்லை பாய்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இந்த ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். மாட்டிக்கொண்ட பிள்ளைகள் வகுப்பில் சட்டென்று சொல்லும் பொய், அதேபோல் என் வாயில் வந்தது. அத்தனை வருடம் பிள்ளைகளின் பொய்யைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவள் நான். பாய் நம்பிவிட்டார். டீச்சர் பொய் சொல்ல மாட்டார்கள் என்பது அவர் எண்ணம். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் டீயைக்கூடக் குடிக்காமல் அன்றைக்கே பள்ளிக்கரணைக்குப் போயிருப்பார்.

மெர்சியிடம் நானே சொல்லிவிடலாம் என்று இருந்தேன். சொல்லவும் செய்தேன். அன்று மாலையே போன் செய்து, "அந்த மூடியைக் கழற்றிடு மெர்சி, பாய் வேண்டாம்னு சொல்றார், தொட்டித் தண்ணி சுடுமாம்" என்றேன். "ஆமா டீச்சர், எங்களுக்கும் ஃபர்ஸ்ட் சுட்டுச்சு. டாய்லெட்ல எல்லாம் ஹாட் வாட்டர் வருதுன்னு ஒரே கலாட்டா. அப்புறம் இங்க ஏரியாவுல ஒரு பிளம்பர் வந்து சரி பண்ணிட்டார். இப்போ சுத்தமா சுடறதில்ல. கழட்டணும்னா பார்க்கலாம், கிறிஸ்துமஸ் முடியட்டும்" என்றாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நிம்மதியானேன். அங்கே தொட்டித் தண்ணீர் சுடவில்லை, அதனால் ஆபத்தில்லை என்று நினைத்தேன். அந்தப் பிளம்பர் எதைப் போட்டுச் சரி செய்தார் என்று கேட்கத் தோன்றவில்லை. மேலே மூடி இருந்தும் தொட்டி சுடவில்லை என்றால் கீழே ஒரு வழி வால்வு இருக்க வேண்டும் என்பது, பாய் அன்று மதியம் சொன்னதிலேயே இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஐந்தாம் வகுப்புக் கணக்குகூட வேண்டாம். நான் சேர்த்துப் பார்க்கவில்லை. சேர்த்துப் பார்த்திருந்தால், என் பொய்யைப் பாயிடம் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்திருக்கும்.

அதற்குப் பிறகு புயல் வந்தது. ஆற்றுத் தண்ணீர் அனகாபுத்தூரில் பாயின் வீட்டுக்குள் புகுந்தது. இரண்டு வாரம் அவர் சேறு வாரிக்கொண்டிருந்ததால் எங்கும் எட்டிப் பார்க்கவில்லை. பள்ளிக்கரணை விடுதி வாசலில் ஒரு வேப்ப மரம் சாய்ந்தது. அதை வெட்டி, கொல்லையில் பாய்லருக்குப் பக்கத்திலேயே அடுக்கினார்கள். விறகுக்குப் பஞ்சமில்லாமல் போயிற்று.

அந்தச் சனிக்கிழமை பாய் எங்கள் புகைபோக்கியில் கரி எடுக்க வந்திருந்தார். வேலை முடித்து, கை கழுவி, தண்ணீர் சில்லென்று இருப்பதைப் பார்த்து எனக்கு ஒரு சலாம் போட்டார். டீயைப் பாதி குடித்திருந்தபோது மெர்சியின் போன் வந்தது. கையில் கிளாஸ் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். "பாய், பாய்லர் பைப்ல ஏதோ சத்தம் வருது. ரொம்ப நேரமா" என்றாள். "பைப்பு கிட்ட போன காட்டுங்க" என்றார் பாய். எனக்கும் கேட்டது. உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டுவதுபோல் ஒரு சத்தம். நிதானமாகத் தட்டியது.

"குளிச்சு முடிச்சிட்டாங்களா எல்லாரும்?"

"எல்லாம் முடிச்சிட்டு வேலைக்குப் போயிட்டாங்க. வாட்ச்மேன் மட்டும் துணி துவைக்க வெந்நீர் வேணும்னு இன்னும் விறகு வச்சிருக்கான்."

பாய் கிளாஸை வைத்தார். "யம்மா, யாரும் அடுப்பு கிட்ட போகாதீங்க. உள்ள யார் இருந்தாலும் ரோட்டுக்கு கூட்டினு போங்க. ரோட்டுக்கு, கேட்டுக்கு இல்ல. நான் வந்துகினே இருக்கேன்." போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்க வேண்டும்.

"அங்கயும் மூடி போட்டு கீதா டீச்சர்?"

"போட்டிருக்கு பாய். நான்தான் சொன்னேன். வால்வும் போட்டிருப்பாங்கன்னு நினைக்கிறேன்" என்றேன்.

பாய் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். வண்டி இரண்டு முறை உதைத்தும் கிளம்பவில்லை. மூன்றாவது உதைக்குக் கிளம்பியது. அந்த வண்டி கிளம்பாமலே போயிருக்கக் கூடாதா என்று இன்றும் நினைக்கிறேன். அப்படி நினைப்பதும் பாவம். ஏன் என்பது அடுத்து நடந்ததைக் கேட்டால் புரியும்.

அவர் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் சாலையில் நின்றிருந்தார்கள். இரண்டு பேரைத் தவிர. தரைத்தளத்தில், பாய்லரைப் பார்த்த ஜன்னல் உள்ள அறையில், இரவு ஷிஃப்ட் முடித்த இரண்டு பெண்கள் கதவைத் தாழிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மெர்சி தட்டிப் பார்த்திருக்கிறாள், திறக்கவில்லை. பாய் உள்ளே போய்க் கதவை உதைத்து அவர்களை எழுப்பி வெளியே தள்ளினார். "குளிக்கிற ரூமு திறந்து கீதா?" என்று அவர் கேட்டதாக அந்தப் பெண்கள் என்னிடம் சொன்னார்கள். ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்தால் அழுத்தம் இறங்கும். அதைத்தான் செய்யப் போனார். பெண்கள் கேட்டைத் தாண்டியபோது வெடித்தது. இடிந்த சுவருக்கு நடுவே அந்தக் குளியலறைக் குழாய் பாதி திறந்தபடி இருந்தது.

காவல் நிலையத்தில் இதையெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டேன். மெர்சியும் கொடுத்திருக்கிறாள். ஆனால் தெருவில் பரவிய பேச்சைக் காவல் நிலையம் திருத்தாது. அதற்குத்தான் இந்தக் கடிதம். அவர் வைத்த பாய்லர் எதுவும் வெடிக்கவில்லை. அவர் திறந்து வைத்ததை நாங்கள் மூடினோம், அதுதான் வெடித்தது.

ஜுபைதாவிடம் முதலில் நேரில் போய்ச் சொன்னேன். சேறு காயாத சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். பிறகு ஒன்று கேட்டார். "உங்க வூட்ல இருந்து கிளம்பும்போது அவரு கோவமா இருந்தாரா டீச்சர்?"

"இல்லம்மா."

"பயந்தாரா?"

"பயந்தார்" என்றேன். "பயந்துகிட்டேதான் போனார்."

அவர் தலையை ஆட்டினார். "அவருக்கு எப்பவும் பயம்தான். மழை நேரத்துல ஒவ்வொரு வூடா பேர் சொல்லி, அங்க திறந்து கீதா, இங்க திறந்து கீதான்னு பினாத்துவாரு" என்றார். என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பயம்தான். காலையில் முருகேசன் தீப்பெட்டியை எடுக்கும் முன் நான் மாடி ஏறி ஏர் பைப்பைத் தொட்டுப் பார்க்கிறேன். துணிக்கொடியை நகர்த்திக் கட்டிவிட்டோம். வெயில் கிடைக்கிறது, சொன்னால் வெட்கக்கேடு, முன்னைவிட நன்றாகவே கிடைக்கிறது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். என் யோசனையை மெர்சி தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. நல்ல யோசனை என்று இரண்டு பேருக்குச் சொல்லியிருக்கிறாள். ஒன்று மாடம்பாக்கத்தில் ஒரு வீடு. அங்கே போய் நானே நின்று கழற்ற வைத்தேன். இன்னொருவர், ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா. பேர் தெரியாது, ஊர் தெரியாது. எங்கள் வீட்டிலும் அதே பாய்தான் என்று சொன்னார்களாம். எப்படி மூடுவது என்று கேட்டு, மூடியின் அளவைப் போனில் குறித்துக்கொண்டார்களாம்.

என் மேஜையில் இப்போது இரண்டு மூடிகள் இருக்கின்றன, என்னுடையதும் மாடம்பாக்கத்து வீட்டினுடையதும். மெர்சியுடையது வெடித்ததோடு போயிற்று. நான்காவது, அநேகமாகத் தாம்பரத்துக்கும் பள்ளிக்கரணைக்கும் நடுவில் ஏதோ ஒரு மொட்டை மாடியில் இறுக்கமாக இருக்கிறது. அம்மா, இது உங்கள் கையில் கிடைத்தால், முதலில் விறகை வெளியே இழுத்துப் போடச் சொல்லுங்கள். முழுவதும் ஆறட்டும். அதுவரை யாரும் பக்கத்தில் போக வேண்டாம். மூடி போட்ட பிறகும் தொட்டித் தண்ணீர் சுடவில்லையே என்று நீங்கள் நிம்மதியாக இருந்தால், எல்லோரையும் சாலைக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டு எனக்குப் போன் செய்யுங்கள். வந்து நிற்கப் பாய் இல்லை. நான் வருகிறேன்.